குறட்டைக்கு அளவுகோல்



கும்பகருணனின் உறக்கத்தைச் சொல்லி நகைப்பது நம் வழக்கம். வீட்டில் ஒருவர் குறட்டை விட்டாலும் அங்ஙனமே நகைக்கின்றோம். ஆயின், பொம்மசந்திராவின் ஆலைகளில் இரவுப் பணி ஆற்றுவோரும், ஓசூர்ச் சாலையில் வண்டி ஓட்டுவோரும் நம்மிடையே பலர் உளர். அவர்தம் உறக்கம் கெடுமாயின் அது நகைப்புக்கு உரியதன்று. ஆகவே குறட்டையை அளந்தறியும் வழிகளை இன்று ஆராய்வோம்.

உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இடுங்கிய வழியே மூச்சு செல்லும்போது மென்மையான மேலண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அவ்வதிர்வே குறட்டை. இவ்வழக்கில் நடுநிலையான சாட்சி கிடைப்பதரிது. மனைவியார், "விடிய விடிய!" என்பார், கணவர், "நானா?" என்பார். குடும்பத்தை ஊரில் விட்டு இங்குத் தனியறையில் வாழும் இளைஞருக்கோ சாட்சி சொல்லவும் ஆளில்லை.

எனவே கருவியை நாடுகின்றோம். ஒலிவாங்கி ஓசையை டெசிபெல் கணக்கில் காட்டும். ஆயினும், தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபெல் குறைந்துவிடும். அறையிலோ சுவர்களின் எதிரொலியும் கலக்கும். தலைமாட்டில் வைத்த கைப்பேசி ஒன்று சொல்லும். அலமாரியில் வைத்தது வேறொன்று சொல்லும். ஆதலின் ஒரே கருவியை ஒரே இடத்தில் வைத்துப் பல இரவுகள் ஒப்பிடுதலே முறை. கழுத்தில் ஒட்டும் அதிர்வுணரியும், மூக்கருகே பொருத்தும் அழுத்தவுணரியும் அறையின் இரைச்சலுக்கு அவ்வளவாக ஏமாறா.

நிற்க. ஓசையின் அளவு மட்டும் நோயின் அளவாகாது. குறட்டைக்கு இடையே திடீரென எழும் அமைதியே அஞ்சத்தக்கது. மூச்சு தடைப்பட்டதால் எழுந்த அமைதியாக அஃது இருக்கலாம். மூச்சு 10 வினாடியேனும் நின்றால் அதனை மூச்சுத்தடை என்பர். இதனை அறிய, மூளை அலை, கண்ணசைவு, மூச்சோட்டம், மார்பு வயிறுகளின் அசைவு, குருதியின் ஆக்சிஜன், இதயத் துடிப்பு ஆகியவற்றை இரவு முழுதும் ஒருங்கே பதிவு செய்வர். நம் பெங்களூர் நிம்ஹான்சில் இத்தகைய உறக்க ஆய்வுக்கூடம் உண்டு. வயது வந்தோர்க்கு, மூச்சு நின்றதும் குறைந்ததும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரையாயின் இலேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. இத்தடை இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பகலில் கண்ணயரச் செய்யும்.

இதற்குத் தீர்வும் உண்டு. 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையை மூடாது காக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை.

அன்பர்களே! குறட்டை விடுவோரை இனி எள்ளற்க; உற்றுக் கேண்மின். இடையில் மூச்சு நிற்கக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்மின். தனியறை இளைஞரே, இரவு முழுதும் உறங்கியும் பகலில் கண்ணயர்ந்தால், அதனையே சாட்சியாகக் கொள்மின்.