நடுவில் இறங்கும் பெட்டி

அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்றால், திருச்சிக்கு வண்டி ஏறும் முந்தின இரவே வீட்டுக்குத் தராசு வந்துவிடும். சொன்ன கிலோவுக்குள் அடங்க வேண்டுமே! அந்த எடைக் கவலையில், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. நடுவில் ஓர் ஊரில் எட்டு மணி, பத்து மணி நேரம் காத்துக் கிடந்து விமானம் மாறுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கொழும்பு வழியாக வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், திருச்சியில் போட்ட பெட்டி பெரும்பாலும் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். காசு குறைகிறதென்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தவர் பாடு வேறு. நடு ஊரில் குடிநுழைவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி போட வேண்டி வரலாம். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். அதனால் கவுன்டரில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்து இருக்கிறதா என்று கேட்டே பார்த்துவிடுங்கள்.

வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் நாம் இருப்பது அந்த நாட்டுச் சட்டத்துக்குள்தான். வெற்றிலையோடு போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை. வேப் என்கிற மின்சிகரெட்டும் அங்கே தடை; நம் நாட்டிலும் 2019 முதல் தடை. நடு ஊரில் பாதுகாப்புச் சோதனையும் இன்னொரு முறை நடக்கும். 100 மில்லிக்கு மேல் எண்ணெயோ, தேனோ கைப்பையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வரியில்லாக் கடையில் வாங்கிய புட்டியை முத்திரை போட்ட பையிலிருந்து கடைசி ஊர் வரை பிரிக்காதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. கணக்கு 100 வாட்-மணி வரை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி. தென்கொரியாவில் 2025 ஜனவரியில் தரையில் நின்ற விமானம் ஒன்று எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரித்தவர்கள். அதன்பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் அதைக்கொண்டு போன் சார்ஜ் செய்யவும் விடுவதில்லை. கீரமங்கலம் தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஒரு சேதி: கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும். அதனால் 2022-இல் நம் நாட்டில் அதையும் பெட்டியில் போடக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜெகதாப்பட்டினம் கருவாட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், வாசனையே சொல்லிவிடும்.

மருந்து சங்கதி இன்னும் கடுமை. இங்கே மருத்துவர் சாதாரணமாக எழுதித் தரும் டிரமடால் வலி மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. முன்அனுமதி வாங்கி, மருந்துச்சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம், அடுத்தவர் கொடுத்துவிடும் பொட்டலம். மும்பைத் தம்பதி ஒன்று 2019-இல் கத்தாருக்குச் சுற்றுலா போனது. பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்த உறவினரே கையில் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். தோஹா விமான நிலையத்தில் பிரித்தால் உள்ளே நாலு கிலோவுக்கு மேல் ஹஷீஷ்! பத்தாண்டு தண்டனை. கர்ப்பிணியாக இருந்த அந்தப் பெண்ணுக்குச் சிறையிலேயே குழந்தை பிறந்தது. குற்றமற்றவர்கள் என்று 2021-இல்தான் விடுதலையானார்கள். நம்மூரில் ஒருவர் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அத்தை பை நீட்டினால், பிரித்துப் பார்க்கக் கூச்சப்படுகிறோம். "பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வைப்பேன் அத்தை" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அத்தை பாவம், கஞ்சாவா கொடுக்கப்போகிறார்? கசகசா கொடுப்பார். வம்பு அதிலும் இருக்கிறது. அபின் எடுக்கும் அதே செடியின் விதை அது. நம் நாட்டில் மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கும். அமீரகத்திலும் சவூதியிலும் தடை, சிங்கப்பூருக்கும் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. தனிப் பொட்டலமாக மட்டும் இல்லை, வீட்டில் அரைத்த கறி மசாலாவிலும் அது கலந்திருக்கும். ஆகவே மசாலா அரைக்கும் தாய்மார்களே, பிள்ளைக்கு அனுப்புவதில் கசகசாவை விட்டுவிடுங்கள். குழம்பு கெட்டியாக முந்திரி அரைத்து ஊற்றினால் போதும்; அது துபாய்க் கடைகளிலேயே கிடைக்கிறது.