தோட்டத்தில் சகோதரியின் பங்கு



பாட்டன் கவலை பூட்டி இறைத்த கிணற்றில் அப்பா மோட்டார் வைத்தார், நாங்கள் சொட்டுநீர் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால் தண்ணீரில், பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலையும் வாழையும் தலைமுறை தலைமுறையாக விளைகின்றன. முன்னோர் நிலத்தைக் காப்பது நல்லதே. ஆகாபு அரசன் கேட்டும் நாபோத்து தம் தந்தையரின் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்கவில்லை.

ஆனால், நம் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது? அதே தோட்டத்தில் களை எடுத்து வளர்ந்தவள் நம் சகோதரி. "சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பிறகு, நிலம் பிரியாமல் காத்தோம் என்கிறோம்.

சகோதரர் இல்லாத செலொபுகாதின் புதல்வியர் ஐவரும் மோசேயின் முன் நின்று தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். சகோதரர் இருக்கும் வீட்டிலும், தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு.

நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்பவர்கள். எனவே, கையெழுத்துக்குத் தாளை நீட்டுமுன் அவளை உட்கார வைத்துக் கேட்போம்: "உனக்கு என்ன வேணும், அம்மிணி?" அவள் சொல்லும் பதிலுக்குச் செவிகொடுக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.