சேர்க்கைப் பதிவேடு: கிராமத்துத் தொடக்கப்பள்ளியும் நம் பிள்ளைகளும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பெயரில் நடக்கும் சொற்பொழிவில் பௌத்தம் பற்றியும் 'தமிழன்' இதழ் பற்றியும் பேசத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் ஆய்வாளர் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்தவள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றாம் வகுப்பும் சேர்க்கைப் பதிவேடும்தான். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். தோழர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பண்டிதருக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் தொடர்பு உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் அவர் கோயில் நுழைவு பற்றிக் கேட்டார். கூட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தக் கோரிக்கையை அங்கேயே விட்டுவிட்டு அவர் கேட்டது இரண்டு: கிராமந்தோறும் நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பு; சும்மா கிடக்கும் அரசு நிலம். கல்லூரி கேட்கவில்லை. கேட்டது கிராமத்துத் தொடக்கப்பள்ளி. இரண்டே ஆண்டில், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அன்றைக்குக் கேள்வி, பள்ளி இருக்கிறதா இல்லையா என்பது. இன்றைக்கு நம் காலனியில் ஒரு தாய் கேட்கும் கேள்வி வேறு: "எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கட்டும் டீச்சர்?"

என்னைச் சேர்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1967. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பிறப்புச் சான்று எதுவும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டேன். ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். ஐப்பசி மழையில் பிறந்ததாக என் அம்மா சொல்லுவார். பணி ஓய்வு ஜூன் கணக்குப்படிதான் வந்தது.

என் அண்ணனுக்கு நடந்தது அதைவிட மோசம். அவன் பெயர் 'ராஜ' என்று தொடங்கும். "ராஜாவா? எந்த ஊருக்குடா?" என்று சிரித்த வாத்தியார், ராஜாவை வெட்டிவிட்டு மீதியைப் பதிவேட்டில் எழுதினார். அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வெட்டுப்பட்ட பெயரிலேயே அண்ணன் பத்தாவது முடித்தான், வேலைக்குப் போனான். அவன் செத்தபோது போஸ்டரில் நான்தான் முழுப் பெயரையும் போடச் சொன்னேன். சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இன்றைக்கு ஒரு சராசரி கிராமத்தில் நம் பிள்ளைக்கு மூன்று வாசல்கள் திறந்திருப்பதாகத் தோன்றும். ஒன்று, காலனியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. எல்லா ஊரிலும் இல்லை. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இரண்டு, ஊர்த்தெருவில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மூன்று, காலை ஏழே முக்காலுக்கு வந்து ஆரன் அடிக்கும் மஞ்சள் வேன்.

நலப் பள்ளிகளை இளைஞர்கள் சிலர் 'தீண்டாமைப் பள்ளி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஊர்ப்பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில், 1920களில் தொழிலாளர் துறை தொடங்கிய பள்ளிகளின் வாரிசுகள் அவை. நம்மில் பலருக்கு எழுத்து அங்கேதான் கிடைத்தது. ஆனால் இன்றைய சிக்கல் என்ன? பெரும்பாலான அரசுப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையில் இருக்க, இவை நலத் துறையின் கீழ் தனியாக இருக்கின்றன. ஒன்றியப் பள்ளியை வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்கிறார். நலப் பள்ளிக்குப் பொறுப்பு தனி வட்டாட்சியர். அவருக்குப் பட்டாவும் தெரிய வேண்டும், பாடமும் தெரிய வேண்டும். நாங்குநேரி நிகழ்வுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும் பரிந்துரைத்தது. பெயரை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இணைப்பு என்ற பெயரில் காலனிப் பள்ளியை மூடிவிட்டு, எங்கள் பிள்ளைகள் ஊர்த்தெருவில் நிம்மதியாக உட்கார முடியுமா என்று யாரும் பார்க்காமல் விட்டால், அதற்கு மறுப்பு உண்டு.

ஒன்றியப் பள்ளியின் கதை வேறு மாதிரி. நான் தலைமையாசிரியையாகப் போன ஒரு பள்ளியில் முதல் ஆண்டு எண்பது சொச்சம் பிள்ளைகள், ஊரும் காலனியும் கலந்து. நான் வந்ததாலா, தனியார் பள்ளி திறந்ததாலா, இரண்டும் சேர்ந்தா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு ஆண்டில் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேன் ஏறினார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர் யாரும் சாதியைச் சொல்ல மாட்டார்கள். "இங்கிலீஷ் மீடியம்ங்க" என்பார்கள். கடைசியில் முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பது பேர் காலனி. ஊரில் அந்தப் பள்ளிக்கு 'காலனிப் பள்ளிக்கூடம்' என்றே பெயர் வந்துவிட்டது. கட்டடம் என்னவோ பிள்ளையார் கோயிலுக்கு எதிரில்தான் இருந்தது. ஒரு சட்டமும் மீறப்படவில்லை. நூறு ஆண்டுக்கு முன்பு நம்மை வெளியே நிறுத்தினார்கள். இப்போது அவர்களே வெளியே போய்விட்டார்கள்.

அவர்கள் பின்னாலேயே நாமும் வேன் ஏறினோம். ஏறியவர்களில் நானும் ஒருத்தி. இதை நான் மறைத்துவிட்டுப் பேசினால் இந்த மேடைக்கு மரியாதை இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியையான நான் என் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அலுவலகத்தில் இருந்த அம்மா பேனாவைத் திருப்பிக் கொடுத்து, "இதையும் ஃபில் பண்ணிடுங்க மேடம், எங்களுக்குத் தெரியணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் மகன் எட்டாம் வகுப்பு வரை ஒரு நண்பனையும் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. ஒருநாள் அவனே, "எங்க தெரு எதுன்னு கேப்பாங்கம்மா" என்றான். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மற்ற மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கி இருந்ததை எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, கட்டணம் கட்டி, அதே ஒதுக்கத்தை என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆங்கிலம் நன்றாக வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதனால் வேன் ஏற்றும் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என்னிடம் கேட்டால், நடந்து போகும் தூரத்தில் உள்ள அரசுப் பள்ளியில், தனியாக இல்லாமல் தெருவே கூடிப் போய்ச் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்கு முன் பள்ளியைப் போய்ப் பாருங்கள். ஆண்டு விழா அன்று போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் போங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். மீதியைத் தெரிந்துகொள்ள, வகுப்பறையை யார் கூட்டுகிறார்கள், கழிவறைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். தலைமையாசிரியரைக் கேட்காதீர்கள், பிள்ளைகளைக் கேளுங்கள். அம்பேத்கர் கோணிப்பையில் உட்கார்ந்து படித்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லாமல் இருந்ததையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். நம் ஊர்ப் பள்ளியில் தண்ணீர்க் குழாய்க்கு யார் முதலில் போகிறார்கள் என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சாப்பாட்டு நேரத்திலும் நில்லுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. அதே ஆண்டு கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. சோற்றைக் கொண்டுவந்த திட்டம் பந்தியைச் சேர்த்துக் கொண்டுவரவில்லை.

இனி சேர்க்கை. இதில் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டால் நல்லது. தெருவில் நான்கு பேருக்கு உதவும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. ஜூன் முடிந்துவிட்டது என்றும் அனுப்ப முடியாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதையும் காரணமாகச் சொல்லக் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் வரும் குடும்பங்களுக்கு இந்த மூன்றும்தான் உயிர். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைப்பது குற்றம். தனியார் பள்ளியும் இதில் அடங்கும். ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எமிஸ் கேட்கிறது என்று பள்ளியில் சொல்வார்கள். கேட்கட்டும், பிறகு தரலாம்; பிள்ளை முதலில் உள்ளே உட்காரட்டும்.

பதிவேட்டில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், பிறந்த தேதியோடு சாதி, மதக் கட்டங்களையும். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அருந்ததியர் பிள்ளையை 'ஆதிதிராவிடர்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை இருபது வயதில் தாசில்தார் அலுவலகத்தில் அலையும். கிறிஸ்தவர் என்று எழுதினால் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அந்த அநீதியை எதிர்த்துப் போராட்டம் நடக்கிறது. ஆனால் கட்டத்தை நிரப்பும்போது விளைவு தெரிந்திருக்க வேண்டும். பௌத்தர் என்று எழுதினால் 1990க்குப் பிறகு பட்டியல் சாதி உரிமை போகாது. பண்டிதரின் வழியில் வந்த குடும்பங்களுக்கே இது தெரியாமல் இருக்கிறது. இது தெரியாத தலைமையாசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சாதி, மதம் இல்லை என்று வெறுமையாகவும் விடலாம். 1973லேயே அதற்கு அரசாணை இருக்கிறது. முற்போக்குத் தோழர்கள் சிலர் பெருமையோடு அப்படிச் செய்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது துறவு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது கையில் இருக்கும் ஒரே சீட்டைக் கிழிப்பது. இதில் என்னோடு மாறுபடுபவர்கள் இந்த அரங்கில் இருப்பார்கள், தெரியும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதும் ஒன்றாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. இப்போது பல அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இரண்டும் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வயதில் போடும் ஒரு டிக் குறி, இருபத்தைந்து வயதில் குரூப் தேர்வு எழுதும்போது வந்து நிற்கும். இதைச் சேர்க்கை நாளில் எத்தனை பள்ளிகள் பெற்றோருக்குச் சொல்கின்றன?

25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சிறுபான்மைப் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகளில், நுழைவு வகுப்பில் நான்கில் ஓர் இடம். பட்டியலினப் பிள்ளைகளுக்கு வருமான வரம்பு கிடையாது. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். கிடைத்தால் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். வேன் காசும் உங்கள் கையிலிருந்துதான். 2025-26இல் ஒன்றிய அரசின் நிதிச் சிக்கலால் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் ஜூனிலேயே கட்டணம் கட்டிச் சேர்த்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய வாசல் ஒன்று திறந்தே கிடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம். நான் வேலை பார்த்த காலத்தில் தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தது. நானே அனுப்பியிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கே வந்த பிறகு, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரும் பிள்ளையிடம், "கூட்டத்துக்கு வந்து போடுறோம்னு சொல்லு" என்று சொல்லப் பெண்களைப் பழக்கியிருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு ஆறு பெண்கள் போனார்கள். உட்காரப் பெஞ்சு போடவில்லை. இரண்டாம் கூட்டத்தில் பெஞ்சு இருந்தது. மூன்றாவதில், பிள்ளைகள் கழிவறை கழுவக் கூடாது என்று எழுத்தில் தீர்மானம் போட்டார்கள்.

இந்த ஜூனில் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆறு பேர் எங்கள் தெரு. ஒருத்தி ஊர்த்தெரு; வேன் காசு கட்ட முடியாத வீடு. அவளுடைய பாட்டி காலைச் சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கு வெளியே நின்று, பேத்தி யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சாலைக்கு இந்தப் பக்கம் நானும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜெய்பீம்.