ஷிப்ட் முடிந்த பிறகும் ஓடும் மனம்



தொழிலாளர் மனநலம் பற்றிய இந்தக் கருத்தரங்கைச் சென்னையில் வைக்காமல் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே கூட்டிய அமைப்பாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். நாம் யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்கள் வெளியே இந்தச் சாலையில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

உருக்காலைத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் நாலு பேர் முன்னால் சூப்பர்வைசர் திட்டிவிட்டார். ஒரு நிமிடத் திட்டு. காலை மின்சார ரயில் பொன்னேரியைத் தாண்டும்போதும் அதே பேச்சு காதில் கேட்கிறது. அறைக்கு வந்து படுத்தால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" பகல் தூக்கமே அரைத் தூக்கம்; அதுவும் போயிற்று. மறுநாள் கை தளர்கிறது, மறுபடி திட்டு விழுகிறது. சில வாரங்களில் சோறு இறங்குவதில்லை, ஊருக்குப் போன் பண்ணவும் தோன்றுவதில்லை.

இப்படி ஒரே நினைப்பில் மனம் சுழல்வதைத்தான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா ஆராய்ந்தார். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையை அவர் அளந்து வைத்திருந்த இரண்டே வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அங்கே நிலநடுக்கம் வந்தது. அபாயத்தை அதிகம் சந்தித்தவர்களுக்குப் பத்தாம் நாளில் சோர்வு கூடியிருந்தது. முன்பே சோர்வும், அதையே மனத்தில் போட்டு உழப்பும் பழக்கமும் இருந்தவர்களுக்கோ ஏழு வாரம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது.

இதை வைத்துத் தொழிலாளியின் தலையில் பழியைப் போட்டுவிடக் கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன். நிலநடுக்கம் ஒரு நாள் வந்து போயிற்று. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கேள்வி ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தினமும் வருகிறது. இப்படித் தீராத கேள்வியோடு வாழ்பவர்கள் இதே ஊரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலும் இருக்கிறார்கள். 2021இல் அரசு அதன் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் குடியுரிமைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அங்கே பிள்ளை வளர்க்கும் தாயிடம் "கவலையை விடும்மா" என்று சொல்லிவிட்டு நகர நமக்கு என்ன உரிமை?

மனத்தில் போட்டு உழப்பும் பழக்கத்துக்கென்று எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் வளர்த்தெடுத்த சிகிச்சை முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நினைக்காதே என்று அது சொல்வதில்லை. சொன்னால் நினைப்பு இன்னும் முரண்டு பிடிக்கும். "ஏன் எனக்கு?" என்பதிலிருந்து, எப்போது, எந்த வேலையில், என்ன நடந்தது, நாளைக்கு யாரிடம் பேசலாம் என்ற இடத்துக்கு மெல்ல நகர்த்துகிறது. ஆனால் பேசப் போனால் கேட்க ஆள் வேண்டுமே! அது ஆலை நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆலைக்கு வெளியேயும் கேட்க ஆள் உண்டு: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. பல மொழிகளில் பேசலாம். இங்கே வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கு அது தெரியுமா? ஆலை வாசலில் அவர்கள் மொழியிலேயே எழுதி வைக்க ஒரு நாள் போதும். வந்திருக்கும் மனிதவள அலுவலர்கள் மாலைக்குள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரவு ஷிப்டும் தூக்கமும் பற்றிய முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.