தக்காளி வேரில் முடிச்சு



சித்தூர்ப் பக்கம் வேர்க்கடலையும் போடுகிறோம், தக்காளியும் போடுகிறோம். கடலை வேரில் முடிச்சு இருக்கும். அது நல்லது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

தக்காளி வேரில் முடிச்சு இருந்தால்? தேய்த்தாலும் உதிராது. வேரே வீங்கியிருக்கும். உள்ளே நூற்புழு இருக்கிறது. தண்ணீர் விட்டும் செடி வாடுகிறதே, இதனாலும் இருக்கலாம். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும்.

அந்தப் புழுவுக்கும் ஒரு எமன் உண்டு. பாஸ்டூரியா என்ற பாக்டீரியா. மண்ணில் விதை போலக் கிடக்கும். ஊர்ந்து போகும் புழுவின் தோலில் ஒட்டிக்கொள்ளும். புழு வேருக்குள் போனதும், இது புழுவுக்குள் புகுந்து பெருகும். புழு உடனே சாகாது. வளரும். ஆனால் முட்டை இடாது. உடம்பு நிறைய பாக்டீரியாதான், சுமார் 20 லட்சம்! வேர் அழுகும்போது அத்தனையும் மண்ணில் கலக்கும்.

கடையில் வாங்கிப் போடலாமே என்பீர்கள். புழுவின் உடம்பில் வளர்வது இது. தனியாக வளர்ப்பது கடினம். அதனால் சுலபமாகக் கிடைப்பதில்லை.

நாற்று வாங்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் வேண்டாம். சந்தேகமா? செடியை வேரோடு எடுத்துப்போய்த் திருப்பதி வேளாண் கல்லூரியில் காட்டுங்கள். வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். கோடையில் ஆழ உழுங்கள். வெயிலில் நூற்புழு காய்ந்து சாகும். பாஸ்டூரியா விதை காய்ந்தாலும் சாகாது.