பெட்டி வாசிக்கணுமா, நாம வாசிக்கணுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் துறையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசுங்களேன்" என்றுதான் சங்கச் செயலாளர் ஃபோன் செய்தார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அஞ்சாறு பேர் இருக்காங்க. "ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் கம்ப்யூட்டரை மூடி வைத்த கதையைச் சொல்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டு, "கால் மணி நேரத்துக்கு மேல போகாதீங்க" என்று அனுமதி கொடுத்தார்.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் தையல்காரர். சாயந்திரம் கடையைச் சாத்தினதும் தபேலாக்காரர். ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா, டோலக், பாங்கோ மூன்றும் வாசித்தார். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று சீசனில் வாரத்துக்கு மூணு கச்சேரி. 1990-களின் நடுவில் அந்தக் குழுவுக்கு ரிதம் பேட் வந்தது. ஒரு கட்டத்தைக் குச்சியால் தட்டினால் தபேலா, அடுத்த கட்டத்தைத் தட்டினால் உருமி. கூடவே கீபோர்டில் 'ஸ்டைல்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் தாளம் தானாக ஓடும். நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தர் போதும் என்றாகிவிட்டது. வேனில் இடமும் மிச்சம், சம்பளமும் மிச்சம். அப்பாவை யாரும் வராதே என்று சொல்லவில்லை. கூப்பிடுவது நின்று போனது, அவ்வளவுதான். தபேலா ஜோடி பரணில் ஏறியது. எனக்கு அப்போது ஏழு வயசு.

அந்த வீட்டுப் பையன் எதன் மேல் பைத்தியமானான் தெரியுமா? அதே பெட்டிகள் மேலதான்.

மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட்டில் என் கூட்டாளிகள் எல்லாம் டிராஃபிக் சிக்னல் செய்ய, நான் கீபோர்டோடு பேசும் மிடி சர்க்யூட் செய்தேன். இங்கே பாதிப் பேருக்கு மிடி தெரிந்திருக்கும். ஒரு கம்பெனியின் இசைக் கருவி இன்னொரு கம்பெனிக் கருவியோடு பேச ஒரு பொது மொழி. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தின் இகுடாரோ ககேஹாஷி ஆகியோர் முன்னின்று உருவாக்கி, 1983-ல் வெளிவந்தது. விநாடிக்கு 31,250 பிட். என் சர்க்யூட் ஒரு வாரம் ஊமையாகவே இருந்தது. லேபில் இருந்த அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, என்ன கிரிஸ்டல் போட்டிருக்க?" என்று கேட்டார். 8051 கிட்டில் இருந்தது 11.0592 மெகாஹெர்ட்ஸ். அதை 12 ஆலும் 32 ஆலும் வகுத்தால் 28,800 வரும். அவர் டப்பாவைத் துழாவி ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எடுத்துக் கொடுத்தார். வகுத்துப் பாருங்கள், சரியாக 31,250. கீபோர்டு பாடியது. அந்த அண்ணன் ரிட்டையர் ஆகிவிட்டார் என்று இன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். இந்தப் பேச்சில் பாதி அவருக்கு.

வேலைக்குப் போனதும் முதலில் வாங்கியது லேப்டாப். அதில் இசை சாஃப்ட்வேர். எத்தனை டிராக் வேணுமோ அத்தனை. ஆயிரக்கணக்கில் ஒலிகள். தப்பு செய்தால் அழித்துவிட்டுப் பின்னால் போகலாம். சொர்க்கம்னு நினைச்சேன். ஒன்பது வருஷம் கழித்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 63 பாட்டு ஆரம்பித்திருக்கிறேன். 'புதுசு', 'புதுசு ஃபைனல்', 'புதுசு ஃபைனல் 2' என்றெல்லாம் பெயர். முடித்தது ஒன்றுமில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்தால் மூணு மணி நேரம் டிரம் ஒலி தேடுவதில் போகும். மிச்ச ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் மெயில் எட்டிப் பார்க்கும்.

2021-ல் அம்மா தவறிப் போனாங்க. அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். அவர் பேசுவதே குறைந்துவிட்டது. பால்கனியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பில் ஒரு பேடை இணைத்து, தபேலா ஒலியை ஏற்றி, "அப்பா, தட்டிப் பாருங்க" என்றேன். ரெண்டு தட்டு தட்டினார். கையை எடுத்துவிட்டார்.

"நான் தட்டுததுக்கும் அது கேக்குததுக்கும் நடுவுல ஒருத்தன் நிக்கான்ல" என்றார்.

நான் எஞ்சினியர் ஆச்சே, கணக்குப் போட்டேன். என் பழைய லேப்டாப்பில் ஆடியோ பஃபரை 1,024 சாம்பிளுக்குக் கீழே இறக்கினால் சத்தம் கரகரக்கும். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1,024 சாம்பிளுக்கு 23 மில்லி விநாடி. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அதாவது அப்பா தட்டிய தபேலா அவருக்கு எட்டு மீட்டர் தள்ளி, பக்கத்து ஃபிளாட்டில் இருந்தது! நடுவில் ஒருத்தன் நின்றது நிஜம்தான்.

நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, பஃபரை 128-க்கு இறக்கினால் இது 3 மில்லி விநாடி ஆகிவிடும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். அப்பா தட்டும்போது நான் அவர் கையைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்டி வாங்கினேன். 2017-ல் வந்த அகாய் எம்பிசி லைவ். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் தனியாக இயங்கும். 16 ரப்பர் பேட், எவ்வளவு அழுத்தித் தட்டுகிறோமோ அவ்வளவு சத்தம். உள்ளேயே பேட்டரி, அதனால் கரண்ட் போனாலும் கவலையில்லை. இந்த வம்சத்தின் முதல் பெட்டி ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி 60, 1988-ல் வந்தது. அதில் மொத்தம் சுமார் 13 விநாடி ஒலிதான் பதிய முடியும். அந்தப் 13 விநாடியை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை ஹிப்ஹாப் இசை செய்தது.

அப்பா பார்த்ததும் கேட்டது, "என்னல இது, அதே டப்பாவா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வயசில் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "அப்பா, இந்தப் பெட்டி மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "பெட்டி என்னல செய்யும்? அதை ஓட விட்டுட்டு அவன் பாட்டுக்குக் கைய கட்டிக்கிட்டு நின்னான் பாரு, அதுதான் பிடிக்கல. என் தையல் மிஷினும் மிஷின்தான். மிதிச்சாத்தான் ஓடும்."

பிறகு பேடில் தட்டினார். இந்தத் தடவை நடுவில் யாரும் நிற்கவில்லை.

பதிவு செய்து போட்டுக் காட்டினேன். முகம் சுருங்கியது. "இது நான் வாசிச்சது இல்லியே." தேடிப் பார்த்தால், பெட்டியில் 'டைமிங் கரெக்ட்' என்று ஒரு வசதி ஆனில் இருந்தது. ஒவ்வொரு தட்டையும் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து வைத்துவிடும். நிமிஷத்துக்கு 100 அடி வேகத்தில் ஓர் அடியை நாலாகப் பிரித்தால் ஒரு கட்டம் 150 மில்லி விநாடி. எந்தத் தட்டையும் 75 மில்லி விநாடி வரை முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடும். அதை அணைத்துவிட்டு மறுபடி பதிந்தேன். அளந்து பார்த்தால், அப்பாவின் மூணாவது தட்டு ஒவ்வொரு தடவையும் 20, 30 மில்லி விநாடி தாமதம். ஒரு தடவை என்றால் தப்பு எனலாம். ஒவ்வொரு தடவையும் என்றால்? அதுதான் அவர் நடை. அதைத்தான் மெஷின் 'கரெக்ட்' பண்ணிக்கொண்டிருந்தது. அதே பெட்டிதான், ஒரு பட்டனை அணைத்ததும் அப்பா உள்ளே வந்துவிட்டார்.

சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற ரிதம் பெட்டியையும், அதையடுத்து டிபி-303 என்ற பேஸ் பெட்டியையும் கொண்டுவந்தது. டிரம்மரும் பேஸ் கிட்டார்காரரும் இல்லாத இடத்தை நிரப்பும் என்று எண்ணம். நிஜ டிரம் மாதிரி இல்லை, நிஜ பேஸ் மாதிரி இல்லை என்று ஜனங்கள் ஒதுக்கினார்கள். 808 சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-ல் நின்றது. 303, 1984-ல் நின்றது. அப்புறம்தான் வேடிக்கை. பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்ததைக் காசில்லாத பையன்கள் எடுத்துப் போய், குமிழைத் திருகித் திருகி வாசித்தார்கள். நியூயார்க்கின் ஹிப்ஹாப், சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இரண்டிலும் இந்தப் பெட்டிகளின் குரல்தான். ஆசிட் ஹவுஸ் வருவதற்கும் முன்னால், 1982-லேயே, பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் இந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு கீபோர்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வியந்தது. ஆளுக்குப் பதிலாக என்று விற்றபோது தோற்ற பெட்டி, ஆள் உட்கார்ந்து வாசித்தபோது ஜெயித்தது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டு டீச்சர் வீடுகளில் இருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி என்ன? கம்ப்யூட்டர் இல்லை, ஸ்கிரீன் இல்லை. சுருதிக்கு ஒரு குமிழ், சத்தத்துக்கு ஒரு குமிழ். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூரா செய்தார். அவர் புல்லாங்குழல் கலைஞர், நம்மைப் போல எஞ்சினியரும்கூட. அந்தப் பெட்டி தானாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பாட வேண்டியது நாம்தான்.

"உன் பெட்டிக்குள்ளும் கம்ப்யூட்டர்தானே இருக்கு?" என்று எலக்ட்ரானிக்ஸ் மாணவர் யாராவது கேட்கலாம். சரியான கேள்வி. உள்ளே லினக்ஸ்தான் ஓடுகிறது. வித்தியாசம், அதற்கு வேறு வேலை கிடையாது. மெயில் வராது. இடம் குறைவு, வழி குறைவு. அதனால் முடிவு எடுத்தாக வேண்டும். சினிமாவுக்குப் பின்னணி இசை கோக்கவோ, நூறு டிராக் கலக்கவோ லேப்டாப்தான் சிறந்தது. எனக்கு வேண்டியது அது இல்லை. ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அப்பாவும் நானும் ஒன்றை ஆரம்பித்து முடிக்கணும். அந்த ஒரு வருஷத்தில் பதினொரு பாட்டு முடித்தோம். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தவை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் போய்ப் பெட்டி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். விலை ஒரு லேப்டாப் அளவுக்கு ஆகும், உங்கள் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். வீட்டில் கிடக்கும் பழைய கீபோர்டு போதும். ஃபோனில்தான் செய்வேன் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, நாலே டிராக், ஒரே சாயந்திரம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். 1982-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், வீட்டில் நாலு டிராக் கேசட் பெட்டியில் பதிந்ததுதான். 16 கட்டம் உள்ள தாளப் பெட்டி கிடைத்தால், அது மேற்கத்தியக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். கடைசிக் கட்டத்தை 14 என்று வைத்தால் மிச்ர சாபு. 12 என்றால் ரூபகம். 10 என்றால் கண்ட சாபு. எங்கள் தெம்மாங்குக்கும் 12 போதும். அப்புறம், 'டைமிங் கரெக்ட்' எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து அணைத்துவிடுங்கள். தாளம் தப்பினால் பயிற்சி செய்யுங்கள். தப்பாமலே வேறு மாதிரி இருந்தால், அது நீங்கள்.

பதினோராவது பாட்டு முடிந்த ராத்திரி அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "அடுத்த தடவை ஊருக்குப் போனா பரண்ல இருக்குற ஜோடிய எடுத்துட்டு வந்துரு. தோல் மாத்தணும்" என்றார். ஏறத்தாழ 25 வருஷம் கழித்து அது கீழே இறங்கியது. மைக்கை ஒரு சின்ன மிக்ஸர் வழியாகப் பெட்டியில் கொடுத்து, பன்னிரண்டாவது பாட்டில் நிஜத் தபேலாவைப் பதிந்தோம். பெட்டி ஓரமாக உட்கார்ந்து சுருதி மட்டும் கொடுத்தது.

அப்பாவை இன்றைக்கு வரச் சொன்னேன். "பேச்செல்லாம் நீ பேசு, எனக்கு வாசிக்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் நேரம் முடிந்தது.