40-ஆ, 42-ஆ? மின்மீன்களின் குரோமோசோம் கணக்கு

போன பகுதியில் மின்விலாங்கு பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிட்டேன். 1766-இல் லின்னேயஸ் பெயர் வைத்த நாளிலிருந்து ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்த மீனை, 2019-இல் மூன்று இனமாகப் பிரித்தார்கள் என்று. உடனே ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பார்க்க ஒரே மாதிரி இருக்கிற மீனை வேற இனம்னு எப்படிங்க சொல்றாங்க? அதை யாரு முடிவு பண்றது?" இன்றைக்கு முழுக்க அந்தக் கேள்விதான். ஆனால் மின்விலாங்கை விட்டுவிட்டு, அதன் சின்னப் பங்காளி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் கதை இன்னும் சுவாரசியமாகப் போகுது.

பங்காளியின் பெயர் ஜிம்னோட்டஸ். மெக்சிகோவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும் ஓடை, சதுப்பு, மிதக்கும் செடிகளுக்கு அடியில் எல்லாம் இருக்கும். முதுகுத் துடுப்பே கிடையாது. வயிற்றுக்குக் கீழே நீளமாக ஓடும் ஒரே துடுப்பை அலைபோல அசைத்து முன்னாலும் போகும், பின்னாலும் போகும். நம்ம ஊர் ஏரியில் கிடைக்கும் சொட்டைவாளையைப் பார்த்திருந்தால் உருவம் உடனே பிடிபடும். சொந்தபந்தம் எதுவும் கிடையாது, உருவ ஒற்றுமை மட்டும்தான். ஜிம்னோட்டஸ் விடும் மின்சாரம் ரொம்பக் குறைவு, கையில் பட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. கலங்கிய தண்ணியில், ராத்திரியில், சுற்றி என்ன இருக்கிறது என்று அறியவும், தன் இனத்தோடு பேசவும் அது போதும்.

இந்தத் தென் அமெரிக்க மின்மீன் கூட்டத்தின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. மின்விலாங்குக்கு 52. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'பிளாக் கோஸ்ட்' என்று ஒரு கறுப்பு மீன் விற்கிறார்களே, அதுவும் இந்தக் கூட்டம்தான். அதற்கு வெறும் 24. ஜிம்னோட்டஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் 34 உள்ள மீனும் இருக்கு, 54 உள்ள மீனும் இருக்கு. அந்த 34-காரர் பிரேசிலின் பாரா மாநிலத்தைச் சேர்ந்தவர். 2012-இல் ஜிம்னோட்டஸ் கபனேமா என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடணும். 54 இருந்தால் சரக்கு அதிகம், 24 இருந்தால் குறைச்சல் என்று அர்த்தம் இல்லை. நம்ம காடுகளில் கேளையாடு இருக்கு இல்லையா, அது ஆடு இல்லை, சின்ன மான். பெண் கேளையாட்டுக்கு மொத்தமே 6 குரோமோசோம், ஆணுக்கு 7. அதன் சீன உறவுக்காரருக்கு 46. இரண்டுமே மான்தான், இரண்டுக்கும் உறுப்புகள் ஒன்றுதான். ஒரு பெரிய நூலை 46 சிறு தொகுதிகளாகவும் கட்டலாம், 6 தடித்த தொகுதிகளாகவும் கட்டலாம். உள்ளே இருக்கும் பக்கங்கள் ஏறக்குறைய அதேதான், பைண்டிங் மட்டும்தான் வேறு.

சரி, மீனின் குரோமோசோமை எப்படி எண்றாங்க? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. குரோமோசோம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. செல் பிரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சுருண்டு, கெட்டிப்பட்டு, தனித்தனியாகத் தெரியும். அதனால் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் நிறைய வேணும். அதற்கு முன்கூட்டியே மீனுக்கு ஈஸ்ட் கரைசலை ஊசியில் ஏற்றுவார்கள். ஆமாம், ரொட்டிக்குப் போடுகிற அதே ஈஸ்ட். ஏதோ கிருமி வந்துவிட்டது என்று மீனின் உடம்பு பதறி, எதிர்ப்புச் செல்களைப் படபடவென்று பெருக்கும். மீனில் அந்த வேலை நடக்கும் முக்கியமான இடம் சிறுநீரகம். பிறகு கோல்ச்சிசின் என்ற மருந்து. பிரியும் செல்லை அது பாதியிலேயே நிறுத்திவிடும். இந்தக் கோல்ச்சிசின் நமக்கு அந்நியமானது இல்லை. செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குச் செடியில் இருப்பதும் அதுதான். மூலனூர், தாராபுரம் பக்கம் அதன் விதைக்காகவே சாகுபடி செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு சிறுநீரகத்தை எடுத்து, செல்களைப் பிரித்து, உப்பு குறைந்த கரைசலில் போடுவார்கள். தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதிக்கொள்ளும். அதைப் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டால் குரோமோசோம்கள் பரவி விழும். சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணணும். ஒரு செல்லை எண்ணினால் போதாது, ஒன்று மற்றொன்றின் மேல் விழுந்து மறைத்திருக்கலாம். பல செல்களை எண்ணி, திரும்பத் திரும்ப வரும் எண்ணைத்தான் எழுதுவார்கள். பொறுமைசாலிகளின் வேலை.

இந்த வேலையைப் பெலேம் நகரத்தில், பாரா மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு செய்தது. கிழக்கு அமேசானில் ஐந்து இடங்களிலிருந்து ஜிம்னோட்டஸ் கராப்போ என்ற மீனைப் பிடித்துவந்தார்கள். நிறம், பட்டை, அளவு எதிலும் வித்தியாசம் சொல்ல முடியாத மீன்கள். எண்ணிப் பார்த்தால் சிலவற்றில் 42, சிலவற்றில் 40. அதோடு வடிவமும் மாறியிருந்தது. 42 உள்ளதில் 30 குரோமோசோம்களுக்கு இடுப்பு, அதாவது சென்ட்ரோமியர், நடுவிலோ நடுவை ஒட்டியோ இருந்தது. மீதி 12-இல் ஓரமாக. 40 உள்ளதில் 34-க்கு நடுவில், 6-க்கு ஓரத்தில். இதை எப்படி விளக்குவது? இரண்டு குரோமோசோம்கள் வாலும் தலையுமாக ஒட்டியிருக்கலாம், அதனால் ஒரு ஜோடி குறைந்தது. இன்னும் சிலவற்றில் இடுப்போடு சேர்ந்த ஒரு துண்டு கழன்று, தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கலாம், அதனால் இடுப்பு இடம் மாறியது. ஓர் ஒட்டு, சில திருப்பங்கள். கணக்கு அழகாக முடிந்தது.

ஆனால் இது போதுமா? நான் இந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப்படுகிற ஆள். மனிதர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிப்போய் 46-க்குப் பதில் 45 இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரியாது, நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்களை வேறு இனம் என்று சொல்வோமா? வீட்டுச் சுண்டெலிக்கு 40. ஐரோப்பாவில் சில இடங்களில் ஒட்டி ஒட்டி 22 வரைக்கும் இறங்கியிருக்கு. அதையும் வீட்டுச் சுண்டெலி என்றுதான் சொல்கிறோம். அதனால் 40, 42 என்ற எண்ணை மட்டும் காட்டி "வேறு இனம்" என்றால், என்னைப் போன்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெலேம் குழுவும் அதோடு நிறுத்தவில்லை. கிளியூசா நகமாச்சி, ஜூலியோ பியசார்க்கா ஆகியோரின் அந்தக் குழு, கேம்பிரிட்ஜில் மால்கம் ஃபெர்குசன்-ஸ்மித்தோடு கைகோத்து, 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. செய்த வேலையை எளிமையாகச் சொல்றேன். 42 உள்ள மீனின் குரோமோசோம்களை ஒரு இயந்திரத்தில் ஓடவிட்டு, லேசர் வெளிச்சத்தில் அளவு பார்த்துத் தரம் பிரித்தார்கள். 21 ஜோடிகளில் 12 ஜோடிகளைத் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. மீதி 9 ஜோடிகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டு சேர்ந்தே வந்தன. இப்படிப் பிரித்ததற்கு ஒளிரும் நிறச் சாயம் ஏற்றி, 40 உள்ள மீனின் குரோமோசோம்கள் மேல் விட்டார்கள். டி.என்.ஏ தன் ஜோடி வரிசையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, முதல் மீனின் மூன்றாம் எண் தொகுதி இரண்டாம் மீனில் எங்கே போயிருக்கிறது என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்பார்த்தது என்ன? ஓர் ஒட்டு, சில திருப்பங்கள். மற்றபடி ஒரு நிறம் ஒரு குரோமோசோமில் அப்படியே விழணும். விழவில்லை. சில குரோமோசோம்கள் மாறாமல் இருந்தன என்பது உண்மை. ஆனால் மற்றவை துண்டு துண்டாகி, வெவ்வேறு குரோமோசோம்களில் போய்ச் சேர்ந்திருந்தன. வெளியே பார்த்தால் 42 தொகுதி, 40 தொகுதி, வித்தியாசம் ரெண்டே ரெண்டு. உள்ளே பிரித்தால் அத்தியாயங்கள் இடம் மாறிக் கிடக்கு. பழைய முறையில் எண்ணி, வடிவம் பார்த்துச் சொன்ன கணக்கு, நடந்ததை ரொம்பக் குறைத்துச் சொல்லியிருந்தது.

இனம் பிரிவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விந்தும் முட்டையும் உருவாகும்போது, அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அம்மாவிடமிருந்து வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடி சேர்ந்து நிற்கணும். ஒரே ஒரு ஒட்டு என்றால் சமாளித்துக்கொள்ளும். சுண்டெலியும் ஆயிரத்தில் ஒருவரும் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். ஆனால் அப்பாவின் ஒரு குரோமோசோமுக்கு அம்மா பக்கம் மூன்று இடத்தில் துண்டு துண்டாக ஜோடி இருந்தால்? நிற்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். கலப்பில் குட்டி பிறந்தாலும், அந்தக் குட்டிக்குக் குட்டி பிறப்பது கஷ்டம். கேளையாட்டையும் சீன உறவுக்காரரையும் கலந்தபோது குட்டி பிறந்தது, அது மலடாக இருந்தது. 40-ம் 42-ம் வேறு வேறு இனம் என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது, இந்த நிறப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கும் சரியாகத்தான் படுது. இன்னொரு தகவலும் அதிலேயே இருக்கு. திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ வரிசைகள் இரண்டிலும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் பிரிந்து ரொம்ப காலம் ஆகவில்லை. கொஞ்ச காலத்தில் இவ்வளவு கலைத்துப்போட்டிருக்கு. சின்னச் சின்ன ஓடைகளில், சிறு சிறு கூட்டமாக, அதிகம் நகராமல் வாழும் மீன் இது. பெரிய கூட்டத்தில் வந்த வேகத்தில் அடித்துப்போகும் ஒரு மாற்றம், சிறு கூட்டத்தில் அதிர்ஷ்டவசமாக நிலைத்துவிடும். ஜிம்னோட்டஸ் இப்படிப் பலவிதமாகச் சிதறியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அதுதான்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சண்டை, நமக்கென்ன என்று தோணலாம். பிரேசிலின் பண்டனால் சதுப்புநிலத்துக்கு வாங்க. அங்கே தூண்டில் விளையாட்டுக்காரர்கள் பெரிய மீன் பிடிக்க உயிருள்ள ஜிம்னோட்டஸைத்தான் இரையாகக் கோக்கிறார்கள். வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், துவிரா. உள்ளூர்க்காரர்கள் சதுப்பில் இறங்கிப் பிடித்து விற்கிறார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. ஆனால் அந்த வாளிக்குள் ஜிம்னோட்டஸ் பண்டனால் என்ற இனம் இருக்கலாம், ஜிம்னோட்டஸ் பராகுவென்சிஸ் என்ற இனமும் இருக்கலாம். இரண்டாவதற்கு 54 குரோமோசோம். முதலாவது இன்னும் விசித்திரம்: பெண்ணுக்கு 40, ஆணுக்கு 39. ஆணில் ஒய் குரோமோசோமும் ஒரு சாதாரணக் குரோமோசோமும் ஒட்டிப்போய்விட்டன, அதனால் ஒன்று குறைச்சல். மின்மீன்களில் இப்படிப் பாலினக் குரோமோசோம் ஏற்பாடு ஒரு தடவை இல்லை, பல தடவை தனித்தனியாக உருவாகியிருக்கு. ஐஜென்மானியா என்ற இன்னொரு பேரினத்தில் நம்மைப் போல எக்ஸ்-ஒய் உள்ளதும், பறவைகளைப் போல இசட்-டபிள்யூ உள்ளதும், பண்டனால் மீனைப் போல ஆணுக்கு ஒன்று குறைந்ததும் இருக்கு.

அந்த வாளியில் மீதியான மீனை வேறொரு ஆற்றில் கொட்டினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் துவிராவோடு அது சேரும். பார்க்க இரண்டும் துவிரா. சேர்ந்து பிறப்பது மலடாக இருந்தால், அந்த ஓடையில் ஏற்கெனவே எண்ணிக்கை குறைவாக இருப்பவருக்குத்தான் நஷ்டம். எங்கே எத்தனை இனம் இருந்தது என்றே தெரியாதபோது, ஒன்று போனதும் யாருக்கும் தெரியாது.

நேயர் கேட்டதன் இரண்டாம் பாதி, யார் முடிவு பண்றது. சட்டப்படி பார்த்தால், ஒரு மாதிரி மீனை அருங்காட்சியகத்தில் வைத்து, மற்றதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று விவரித்து, பெயரோடு வெளியிடணும். கபனேமாவுக்கு அது நடந்தது. 2010 கட்டுரை 40-ஐயும் 42-ஐயும் வேறு இனம் என்று சொல்லியது, ஆனால் பெயர் வைக்கவில்லை. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத மீனை விவரிப்பதற்கு எதை எழுதுவது என்பது அந்தத் துறைக்கு உண்மையிலேயே பெரிய தலைவலி.

அடுத்த பகுதியில், தசை எப்படி மின் உறுப்பாக மாறியது என்று பார்க்கலாம். அதுவும் ஒரு மரபணு இரட்டிப்பான கதைதான்.